கட்டில் உயரம்

காற்று வீசும் பின்னேரங்களில் இணைப்பு ஒழுங்காக நின்றது. காற்று விழுந்ததும் அறுந்தது. அஜந்தாவுக்கு விளங்காதது இதுதான்.

வழமையில் இது மறுவளமாகத்தான் நடக்கும். காற்றடித்தால் மின்கம்பியில் ஓலை விழும், கரண்ட் போகும், கரண்ட் போனால் ரவுட்டரும் படுத்துவிடும். தீவுப்பகுதிச் சனத்துக்கு அது பழகிப்போன விடயம். ஆனால் இறுப்பிட்டியில், கடலைப் பார்த்து நின்ற அந்த வீட்டில், ஓர் ஓலைகூட அசையாத பங்குனி மாதத்துப் பின்னேரத்தில், கரண்ட் இருக்க, ரவுட்டரின் விளக்கும் எரிந்துகொண்டிருக்க, கணினித் திரையில் பேசிக்கொண்டிருந்தவரின் வாய் பாதி திறந்தபடியே உறைந்துபோனது. பிறகு திரை நடுவில் அந்தச் சிறு வட்டம் சுழலத் தொடங்கியது.

"வெட்டிப்போட்டுதே?" முற்றத்திலிருந்து அப்பா ஐயாத்துரை கேட்டார்.

"ஓம் அப்பா."

"திருப்பியுமோ?"

போன புதனும் வெட்டியது. அதற்கு முந்திய புதனும் வெட்டியது. பொழுது இருண்டு, தரைப்பக்கக் காற்று கொஞ்சம் எழும்பிய பிறகு இணைப்பு தானாகத் திரும்பி வரும். வந்து பார்த்தால் இணையவழிக் கூட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தைத் தொடங்கியவள் அஜந்தாவின் அக்கா கிருசாந்தி. நகரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றில் விரிவுரையாளராக இருந்தவள். கொரோனாவுக்குக் கல்லூரிகளைப் பூட்டியபோது, நேற்றுவரை பலகைக்கு முன்னால் நின்று படிப்பித்தவர்கள் ஒரே நாளில் கணினிக்கு முன்னால் இருத்தப்பட்டார்கள். எப்படிப் படிப்பிப்பது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியருக்காவது பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. உயர்கல்வியில் பாடம் தெரிந்தவருக்குப் படிப்பிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

கிருசாந்தி முதலில் எங்கெங்கோ நாடுகளில் நடந்த இலவச வெபினார்களில் போய் இருந்து கேட்டாள். சிலவற்றில் நல்ல விடயங்கள் இருந்தன. பலவற்றில் ஒருவர் பேசுவார், நூற்றுக்கணக்கானோர் மைக்கை மூடிவிட்டுக் கேட்பார்கள், முடிவில் மின்னஞ்சலில் ஒரு சான்றிதழ் வரும். "கடதாசி சேருது, வகுப்பு அப்பிடியே கிடக்குது" என்று சொல்லிவிட்டு அவள் தானே ஒன்றைத் தொடங்கினாள். தமிழில், இலவசமாக, ஒவ்வொரு புதன் பின்னேரமும்.

அதில் சான்றிதழ் இல்லை. சிறப்புப் பேச்சாளர் இல்லை. ஒவ்வொரு புதனும் ஒருவர் தன் வகுப்பில் சரிவராத ஒன்றைக் கொண்டுவர வேண்டும்; சரிவந்ததைக் கேட்க ஒருவருக்கும் ஆர்வமில்லை. மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கலாம். முடிவில், கொண்டுவந்தவர் தன் வகுப்பில் ஒரே ஒரு விடயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போவார். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். இந்த இடத்தில் கிருசாந்தி கொஞ்சமும் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

ஊர்காவற்றுறை டிலோன் ஒரு தொழினுட்பக் கல்லூரியில் வாகனத் திருத்த வேலை படிப்பிக்கிறவன். 'விளங்குதோ' என்று கேட்டால் பெடியள் எல்லாரும் 'ஓம் சேர்' என்கிறார்கள், எஞ்சினைக் கையில் கொடுத்தால் ஒருவனுக்கும் தெரியவில்லை என்று ஒரு புதன்கிழமை கொண்டுவந்தான். கரம்பொன் மாக்கிறேற் ரீச்சர் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"விளங்கேல்லை எண்டு கடைசியாச் சொன்ன பிள்ளைக்கு நீர் என்ன சொன்னனீர்?"

"'எங்கை வாய் பாத்துக்கொண்டிருந்தனி' எண்டு கேட்டனான், ரீச்சர்."

அன்று எல்லோரும் சிரித்து ஓய நேரமெடுத்தது. அடுத்த வாரம் அவன் 'விளங்குதோ' என்ற கேள்வியை விட்டுவிட்டான். அதற்குப் பதிலாக, 'அடுத்ததா எந்த நட்டைக் கழட்டுறது?' என்று கேட்டான். வகுப்பு மாறிவிட்டது. அந்த வெபினார் வேலை செய்த விதம் இதுதான். வவுனியா, மன்னார், மட்டக்களப்பு என்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

பிறகு கிருசாந்திக்குப் புற்றுநோய் வந்தது. நகரத்துக்குப் போய்வருவதை விட்டாள், கதிரையில் இருப்பதை விட்டாள். புதன்கிழமையை விடவில்லை. போன வருடம் பங்குனியிலும் சித்திரையிலும் சாமியறைக்குப் பக்கத்து அறையில், கடல் பக்க யன்னலோரம், கட்டிலில் படுத்தபடிதான் கூட்டத்தை நடத்தினாள். முகம் மட்டும் தெரியும்படி கணினியை வைத்துக் கொடுப்பது அஜந்தாவின் வேலை. அந்த இரண்டு மாதமும் இணைப்பு ஒருமுறைகூட வெட்டவில்லை. வைகாசியில் கிருசாந்தி போய்விட்டாள்.

அதன்பிறகு கூட்டம் அஜந்தாவின் கைக்கு வந்தது. அவளும் ஒரு விரிவுரையாளர்தான், விவசாயப் பாடம். அவள் பொறுப்பெடுத்த நேரம் சோளகம் வீசத் தொடங்கியிருந்தது. சோளகம் முழுக்க, பிறகு மாரி முழுக்க, புதன்கிழமைகள் குறையில்லாமல் நடந்தன. தை, மாசியும் போனது. பங்குனி பிறந்து கடல் படுத்ததும் இந்த வெட்டு தொடங்கியது.

அஜந்தா தன்னால் ஆனதெல்லாம் செய்தாள். சிம்மை மாற்றினாள். வேலணையில் இருக்கும் சிநேகிதியிடம் வேறொரு ரவுட்டர் இரவல் வாங்கிப் பார்த்தாள். அதுவும் அதே நேரத்தில் வெட்டியது. நயினாதீவுக்குப் போகிற சனம் குறிகட்டுவான் படகுத்துறையில் குவிந்து எல்லோரும் போனை எடுப்பதால் இருக்குமோ என்று யோசித்தாள். சனமே இல்லாத நாளிலும் வெட்டியது. தொலைபேசி நிறுவனத்துக்கு எடுத்தால், 'உங்கள் பகுதியில் எந்தப் பழுதும் பதிவாகவில்லை' என்று மரியாதையாகச் சொன்னார்கள். ரவுட்டர் வைத்த இடத்திலும் பிழை சொல்ல முடியாது. வீட்டிலேயே உயரமான இடத்தில், முன் விறாந்தைச் சுவரில், கூரை ஓட்டுக்குச் சற்றுக் கீழே, அப்பா தன் கையால் பலகை அடித்து அதில் வைத்திருந்தார். ரவுட்டருக்கு அலை வருவது கடலுக்கு அந்தப் பக்கம், நயினாதீவுத் திசையில் நிற்கும் தொலைபேசிக் கோபுரத்திலிருந்து. பலகைக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஒரு மரம்கூட இல்லை, வெறும் கடல்.

அந்தப் புதன் இரவு மாக்கிறேற் ரீச்சர் போன் எடுத்தார்.

"பிள்ளை, கோவியாதையும். நான் நேரடியாவே சொல்லுறன். இண்டைக்கு தாரிகா கதைச்சுக்கொண்டிருக்கேக்கைதான் நீர் போனனீர், தெரியுமே?"

"தெரியும் ரீச்சர்."

"அந்தப் பிள்ளை இப்பதான் வேலைக்குச் சேர்ந்தது. தன்ரை வகுப்பிலை ஒருத்தரும் தன்னை மதிக்கினமில்லை எண்டு சொல்லி, அழுதுபோட்டுது. நடத்துற ஆள் இல்லை. டிலோன் ஏதோ பகிடி விட்டுச் சமாளிச்சவன். அதுக்கிடையிலை பாதிப்பேர் எழும்பிப் போட்டினம்."

அஜந்தா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"கிருசாந்தி இருக்கேக்கை ஒரு நாளும் வெட்டினதில்லை" என்றார் ரீச்சர். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அஜந்தாவுக்கு அது போய்த் தைத்தது. "ஆக்கள் தங்கடை குறையை வெளியிலை சொல்லுற இடம் இது, பிள்ளை. அரைவாசியிலை கைவிட்டா அடுத்தமுறை வாய் திறக்கமாட்டினம். வாற புதனும் இப்பிடியெண்டா, அவவின்ரை வருசம் முடியிற ஆட்டைத் திவசத்தோடை மரியாதையா நிப்பாட்டுவம். என்ன சொல்லுறீர்?"

"சரி ரீச்சர்" என்றாள் அஜந்தா.

அம்மா பரிமளம் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "விடு பிள்ளை. அது அவளின்ரை. அவளோடை வந்தது, அவளோடை போகுது" என்றார்.

அஜந்தாவும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு நின்ற இணைப்பு தனக்கு நிற்கவில்லை. வீடு அதே வீடு, மாதம் அதே மாதம், கடலும் அதே கடல். மாறியது ஆள் மட்டும்தான். அது நியாயமில்லாத எண்ணம் என்று தெரிந்தும் அதை அவளால் தள்ள முடியவில்லை. ஒரு பெட்டிக்கு ஆளை அடையாளம் தெரியாது. அப்படியானால் வேறு ஏதோ மாறியிருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா குசினியில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருக்கையில் அஜந்தா பக்கத்தில் போய் இருந்தாள்.

"அம்மா, போன பங்குனியிலை இந்த வீட்டிலை இருந்து இப்ப இல்லாதது என்ன?"

பரிமளத்தின் கை நின்றது. அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்த பார்வையில், கேட்டது எவ்வளவு கொடுமையான கேள்வி என்று அஜந்தாவுக்கு உறைத்தது. 

"அக்காவைத் தவிர, அம்மா" என்றாள் மெல்ல.

அம்மா மறுபடி கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். "மெத்தை இல்லை. அதை அண்டைக்கே எரிச்சாச்சு. கட்டிலைக் கழுவிப் பின்வளவு மால் கொட்டிலுக்கை போட்டது. யன்னல் சீலையையும் கழட்டினது. மருந்து வைக்கிற முக்காலியும் மாலுக்கைதான் கிடக்கு. அதிலைதானே இந்த லைற் மினுங்கிற பெட்டியும் வைச்சிருந்தவள்."

"எந்தப் பெட்டி?"

"உந்தப் பெட்டிதான். கொப்பர் இப்ப முகட்டிலை ஏத்தி வைச்சிருக்கிறாரே. அது நிண்டுபோனா எழும்பி வந்து தட்ட ஏலாதெண்டு, கட்டிலோடை சேர்த்து முக்காலியிலை வைச்சிருந்தவள். கை நீட்டினா எட்டும். ராவிலை பச்சை லைற் கண்ணைக் குத்துமே எண்டு நான் துணி போட்டு மூடினனான். 'வேண்டாம் அம்மா, அது மினுங்கினா நாலு பேர் பக்கத்திலை இருக்கிற மாதிரி' எண்டு எடுத்துப்போட்டாள்."

அஜந்தாவுக்கும் அது தெரிந்த விடயம்தான். ஒவ்வொரு புதனும் அந்த முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் கணினியைத் திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் நினைவுக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது. ரவுட்டரை உயர்த்தி வைத்தது ஒரு திருத்தம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நல்லதாக்கிய ஒன்றில் போய்ப் பிழை தேட யாருக்கும் தோன்றாது. உயர்த்திய உடனே வெட்டியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார்கள். உயர்த்திய பிறகு மாதக்கணக்காக ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து அறையைத் துப்புரவாக்கிய அன்று, அப்பா யாரோடும் பேசாமல் ஏணியை எடுத்து வந்தார். பலகையைச் சீவினார், அடித்தார், வயரை இழுத்தார். 'இனிப் பிள்ளைக்கு நல்லா இழுக்கும்' என்று மட்டும் சொன்னார். செத்த வீடு தொடங்கியதிலிருந்து அவர் சொன்ன முதல் முழு வசனம் அது.

அந்தப் பலகையிலிருந்து ரவுட்டரை இறக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லவேண்டியிருந்தது.

"நான் உயரத்திலை வைச்சது பிழை எண்டுறியோ?" என்று கேட்டார் ஐயாத்துரை.

"பிழையோ சரியோ எண்டு எனக்குத் தெரியாது அப்பா. பாக்கவேணும்."

"உயரத்திலை வைச்சாத்தான் பிள்ளை இழுக்கும். ரிவி அன்ரனாவை ஆர் நிலத்திலை வைச்சவன்?" அவர் குரல் உயர்ந்தது, பிறகு தானாகத் தணிந்தது. "அவளுக்கு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சு. உனக்கு எண்டாலும்..."

அஜந்தா காத்திருந்தாள். மற்றவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதை அவள் புதன்கிழமைகளில்தான் பழகியிருந்தாள்.

"என்ன செய்யவேணும், சொல்லு" என்றார் அப்பா கடைசியில்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் காற்று விழும்வரை பார்த்திருந்தார்கள். பொழுது நயினாதீவுப் பக்கம் சாய, கடல் மெல்ல மெல்ல மடிப்புக் கலைந்து, எண்ணெய் பூசிய தகடு போலப் படுத்தது. அஜந்தா கணினியைத் திறந்து டிலோனைக் கூப்பிட்டாள்.

"நீர் நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டிருக்கவேணும், டிலோன். எங்கை வெட்டுது எண்டு பாக்கவேணும்."

"எங்கடை வீட்டிலை என்னை நிப்பாட்டச் சொல்லித்தான் கேக்கிறவை. என்னத்தைக் கதைக்கிறது, அக்கா?"

"எதையாவது."

"அப்ப பஸ்ஸை எடுக்கிறன். ஏறுங்கோ, ஏறுங்கோ! ஊர்காவற்றுறை, கரம்பொன், நாரந்தனை, சரவணை, வேலணை..." பஸ் வேலணையில் நின்றுவிட்டது. டிலோனின் முகம் கோணியபடி உறைந்திருந்தது.

"வெட்டிப்போட்டுது அப்பா! இப்ப மெதுவா இறக்குங்கோ. நேர கீழை வாங்கோ. பக்கத்துக்குக் கொண்டுபோகாதேங்கோ."

நேரே கீழே வரச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. உள்ளே கொண்டுபோனால் இடமும் மாறும், உயரமும் மாறும். பிறகு எது காரணம் என்று தெரியாது. ஐயாத்துரை ரவுட்டரை நெஞ்சோடு அணைத்தபடி ஏணியில் ஒரு படி இறங்கினார். திரை அசையவில்லை. இன்னொரு படி. வட்டம் சுழன்றது. நடு ஏணிக்கு வந்தபோது டிலோனின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் உடைந்து உடைந்து வந்தது.

"... கும்பான்... பிட்டி..."

"இன்னும் கீழை அப்பா!"

அவர் கீழ்ப்படியில் வந்து நின்றார். ரவுட்டர் அவருடைய இடுப்புக்குக் கீழே, கைநீட்டில் இருந்தது.

"... என்ன அக்கா, நான் சனத்தை ஏத்தி இறக்கிப் பண்ணைப் பாலத்துக்கு வந்திட்டன், நீங்கள் ரிக்கற் எடுக்கேல்லை!"

முகம் தெளிவாகத் தெரிந்தது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"இப்ப திருப்பி ஏறுங்கோ அப்பா" என்றாள் அஜந்தா.

"ஏன், இப்ப நல்லாத்தானே கிடக்கு?"

"தற்செயலா வந்ததோ எண்டு பாக்கவேணும்."

அவர் ஏறினார். பஸ் நின்றது. இறங்கினார். பஸ் ஓடியது. இன்னொருமுறை அவள் கேட்காமலேயே ஏறி இறங்கினார். கடைசியாக இறங்கி வந்து, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கடலைப் பார்த்து நின்றார். உயரம்தான் காரணம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. ஏன் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

விறாந்தையிலேயே ஒரு கதிரையைப் போட்டு அதில் வைக்கலாம் என்று அஜந்தா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா மாலுக்குள்ளிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈரச்சீலையால் துடைத்தார். வெறுமையாகக் கிடந்த அறைக்குள் கொண்டுபோய், யன்னலோரம், கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில் வைத்தார். அந்த மூலையில் வருடம் திரும்பும்வரை ஒன்றும் வைக்கவேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

"இஞ்சை வை" என்றார் அம்மா. "இருந்த இடத்திலையே இருக்கட்டும்."

அது இரண்டாவது மாற்றம். ஆகையால் அஜந்தா அதையும் தனியாகச் சரிபார்த்தாள். பஸ் நிற்காமல் ஓடியது.

புதன்கிழமை அவள் நிலத்தில் பாயைப் போட்டு, முக்காலிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கூட்டத்தைத் தொடங்கினாள். வந்தவர்கள் குறைவு. மாக்கிறேற் ரீச்சர் வந்திருந்தார், டிலோன் வந்திருந்தான். வவுனியாவில் இலத்திரனியல் படிப்பிக்கும் தர்சனா வந்திருந்தாள். தாரிகாவின் பெயரும் தெரிந்தது, கமராவை அணைத்திருந்தாள்.

"முதலிலை தாரிகாவிட்டை மன்னிப்புக் கேக்கிறன்" என்றாள் அஜந்தா. "நீர் சொல்லிக்கொண்டிருக்கேக்கை நான் இல்லாமல் போனனான். இண்டைக்குச் சரிவராத விடயத்தை நான் கொண்டுவந்திருக்கிறன். இந்த இணைப்புத்தான் அது."

நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். பலகை, ஏணி, முக்காலி எல்லாம் சொன்னாள். "போன வருசம் வெட்டாததுக்குக் காரணம் இது கட்டில் உயரத்திலை இருந்ததுதான். அக்கா படுத்துக்கொண்டுதான் உங்களோடை கதைச்சவ."

ஒருவரும் பேசவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று அஜந்தா ஒருகணம் ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தாள். போகவில்லை.

"எங்களுக்கு அவ சொல்லேல்லையே, பிள்ளை" என்றார் மாக்கிறேற் ரீச்சர். "நான் ஒரு நாள், 'ஏன் உம்மடை தலை சரிஞ்சு கிடக்கு, நித்திரையோ' எண்டு பகிடி பண்ணினனான்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிறிது நேரம் திரையில் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

தர்சனாதான் மறுபடி தொடங்கினாள். "நான் ஒரு கேள்வி கேக்கட்டே, அக்கா? காத்து விழேக்கை கடல் எப்பிடி இருக்குது?"

"படுத்துக் கிடக்கும். கண்ணாடி மாதிரி."

"இப்பவும் அப்பிடியே?"

அஜந்தா எட்டி யன்னலால் பார்த்தாள். "ஓம். இப்பவும் அப்பிடித்தான்."

"சூரியன் தெரியுதே?"

"தெரியுது. இறங்கிக்கொண்டிருக்கு."

"எத்தினை சூரியன்?"

டிலோன் சிரித்தான். அஜந்தா சிரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஒன்று. தண்ணீரில் இன்னொன்று, அப்படியே முழுசாக.

"இரண்டு" என்றாள்.

"காத்தடிக்கேக்கை?"

"தண்ணியிலை இருக்கிறது உடைஞ்சுபோம். மினுக்கம் மட்டும்தான் இருக்கும்."

"அப்ப, காத்து விழுந்தா உங்கடை ரவுட்டருக்கு எத்தினை கோபுரம் தெரியும்?"

அஜந்தா யன்னலைப் பிடித்தபடி நின்றாள். அவ்வளவு நாள் விளங்காமல் கிடந்தது ஒரே நொடியில் விளங்கியது.

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை இரண்டு வழியாக வீட்டுக்கு வருகிறது. ஒன்று நேராக வருவது. மற்றது கடலில் பட்டுத் தெறித்து வருவது. கடல் குழம்பியிருக்கும்போது தெறிப்பது நாலாபக்கமும் சிதறிவிடுவதால் நேராக வருவது மட்டும் வந்து சேரும், அது போதும். கடல் கண்ணாடியாகும்போது இரண்டும் முழுசாக வந்து சேர்கின்றன. ஓர் ஊஞ்சலை இரண்டுபேர் ஆட்டுவதாக நினைத்துக்கொள்ளலாம். இருவரும் ஒரே நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் இன்னும் உயரப் போகும். ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுத்தால் நின்றுவிடும். இரண்டு அலையும் சேர்ந்து தள்ளுமா, ஒன்றையொன்று மறிக்குமா என்பது அவை வந்த தூரங்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது. ரவுட்டர் நிற்கும் உயரம் மாறினால் அந்த வித்தியாசமும் மாறும். அப்பா அன்போடு அடித்த பலகை, அலைகள் ஒன்றையொன்று மறிக்கும் உயரத்தில் இருந்தது. கட்டில் உயரத்தில் அவை சேர்ந்து தள்ளின. கிருசாந்தி இதைத் தெரிந்து செய்யவில்லை. கை எட்டவேண்டும் என்பதற்காக வைத்தாள்.

பொழுது கடலுக்குள் இறங்கியது. வழமையாக வெட்டும் நேரம் வந்து, போனது. திரையில் எல்லா முகங்களும் அசைந்துகொண்டிருந்தன.

"தாரிகா," என்றாள் அஜந்தா, "இருக்கிறீரே? போன கிழமை விட்ட இடத்திலை இருந்து சொல்லுவீரே? நேரம் இருக்கு. இண்டைக்கு நான் போகமாட்டன்."

கறுப்பாக இருந்த சதுரத்தில் ஓர் இளம் பெண்ணின் முகம் வந்தது.

"எங்கை விட்டனான் எண்டு தெரியேல்லை, மிஸ்" என்றாள் தாரிகா. "முதலிலை இருந்தே சொல்லுறன்."

அவள் சொல்லி முடித்து, மற்றவர்கள் கேட்டு முடிக்கும்போது விறாந்தையில் லைற் போட்டிருந்தார்கள். போகும்போது மாக்கிறேற் ரீச்சர், "வாற புதன் என்ரை முறை, பிள்ளை. என்னட்டையும் சரிவராத ஒண்டு கிடக்கு" என்றார். நிறுத்துவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அஜந்தா வெளியே வந்து அப்பாவிடம் விடயத்தைச் சொன்னாள். ஊஞ்சலையும் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மேலே வெறுமையாக இருந்த பலகையைப் பார்த்தார்.

"அப்ப இதைக் கழட்டவோ?"

"வேண்டாம் அப்பா. அது இருக்கட்டும். பெட்டியை மட்டும் அதிலை வைக்கவேண்டாம்."

அந்த வீட்டில் இப்போது வழக்கம் இதுதான்: ரவுட்டர் கடல் பக்க யன்னலோரம், முக்காலியில், கட்டில் உயரத்தில் நிற்கும். காற்றடித்தாலும் விழுந்தாலும் அதை அதற்கு மேலே உயர்த்துவதில்லை.